இரவல் நாக்கு

வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தில் ஒரு சில்லு அரிந்து, அந்தச் சில்லையே வெட்டிய இடத்தில் வைத்து வட்டமாகத் தேய்த்தால் வெள்ளையாக நுரை கட்டும். கசப்பு அதோடு போய்விடும் என்பார்கள். போகிறதோ இல்லையோ, அவள் தேய்ப்பாள். பிறகு நுரையைத் துடைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்தே மெல்லிசாக ஒரு துண்டு சீவி வாயில் போட்டுப் பார்ப்பாள். கசக்கவில்லை என்றால்தான் துருவியைக் கையில் எடுப்பாள்.

துருவியதை மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்தால் இளம்பச்சையாகச் சாறு இறங்கும். புதினாவை அரைக்கக் கூடாது. அரைத்தால் மதியத்துக்குள் கறுத்துவிடும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி முழு இலையாகவே மிதக்கவிட வேண்டும். கொத்தமல்லியில் இலையைவிடத் தண்டுக்கு மணம் அதிகம் என்பதால் தண்டை நசுக்கிப் போடுவாள். இஞ்சிச் சாற்றைக் கிண்ணத்தில் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சாய்த்துக்கொள்வாள். எலுமிச்சை கடைசியில். உப்பு அதற்கும் பிறகு. குளிர்ந்த தண்ணீர் கலந்து எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, கணவனின் பைக்குள் சாயாமல் நிற்கவைப்பாள்.

இதில் எதையும் யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. ஒவ்வொன்றும் அவன் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து வந்தது.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். சட்டத்தின் அளவுக்கு லென்ஸின் விளிம்பைச் சுழலும் கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். தெறிக்கும் வெள்ளைச் சேறு முழங்கை வரை காய்ந்து, மாலையில் வீடு திரும்பும்போது சுண்ணாம்பு பூசிய சுவர் போலிருப்பான். பேச்சும் சுவர் மாதிரிதான். "உன் வீட்டுக்காரர் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயப்படுறாரா?" என்று அவளுடைய அம்மா கேட்பாள். அவள் சிரித்து மழுப்புவாள்.

அவளோ ஒரு மருத்துவமனையில் காலை முழுக்கத் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறவள். முகம் தெரியாத எத்தனையோ பேரோடு பேசிவிட்டு வந்தால், முகம் தெரிந்த ஒருவனோடு பேச ஒன்றும் இருக்காது. அவர்களுக்குள் சண்டை கிடையாது. சண்டைக்கும் இரண்டு பேர் பேச வேண்டும்.

ஆனால் கோடை வந்தால் பேச்சு வந்துவிடும். கல்யாணமான முதல் கோடையில் இந்தச் சாற்றை முதன்முதலாகக் கொடுத்தனுப்பிவிட்டு, மாலையில் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "ம்" என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தாள். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "புதினா கொஞ்சம் கம்மி" என்றான். அவள் அப்படியே நின்றுவிட்டாள். இவனுக்குள் இப்படி ஒரு நாக்கு இருக்கிறதா?

மறுநாள் புதினாவைக் கூட்டினாள். அன்று மாலை, "சரியா இருக்கு. ஆனா இஞ்சி அடியில மாவு மாதிரி தங்குது." அடுத்த வாரம், "அரைக்காதே. நுரை மீசையில ஒட்டுது." அதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு மீசையே கிடையாது. சிரிப்புக் காட்டத் தெரியாதவன் தனக்காக ஒரு சிரிப்புக் காட்டியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்படியே கோடைகள் போயின. குளிர் நாட்களில் இருவரும் மௌனமாகச் சாப்பிட்டு மௌனமாகப் படுத்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் அவள் சந்தைக்கு ஓடினாள். லீவு நாளில் அவனுக்குச் சாறு வேண்டாம். "வேலை செய்றப்பதான் தாகம்" என்பான். சாப்பாட்டில் வெள்ளரித் துண்டு வைத்தாலும், "கடையில குடிக்கிறதே போதும்" என்று ஒதுக்கிவிடுவான். அதிலும் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

போன கோடையில் ஒரு நாள், அவள் கேட்பதற்கு முன்பே, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு மழை பெஞ்ச மாதிரி ஒரு வாசனை."

அவ்வளவுதான் சொன்னான். அந்த வாக்கியத்தை அவள் வெகு நாட்கள் வைத்திருந்தாள். தொலைபேசியில் யாராவது எரிந்து விழுந்தால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வாள். தன் கையால் செய்த ஒன்றைக் குடித்துவிட்டு ஒரு மனிதனுக்கு மழை ஞாபகம் வந்திருக்கிறது. அப்படி நினைக்கத் தெரிந்தவனோடுதான் வாழ்கிறோம். மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும்.

இந்த வருடம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அவசரத்தில் காம்பைத் தேய்த்தாள்; ஆனால் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்க்கவில்லை. நடுப்பகல் வீட்டுக்கு வந்து, காலையில் மிச்சம் வைத்த பாதி வெள்ளரிக்காயைக் கடித்தவள் அப்படியே துப்பினாள். கசப்பு காதுவரை ஏறியது.

ஐயோ, இதையா குடித்துக்கொண்டிருப்பான்? மாலைவரை அவன் சொல்லவும் மாட்டான், கொட்டவும் மாட்டான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்து வைப்பான்.

வேறு காயை எடுத்தாள். இந்த முறை இரண்டு துண்டு தின்று பார்த்தாள். அவசர அவசரமாகத் துருவிப் பிழிந்து இன்னொரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். தெருவில் ஆள் இல்லை. கடைகளின் இரும்புக் கதவுகள் பாதி இறங்கிக் கிடந்தன. ஒரு நாய் தண்ணீர்க் குழாயின் அடியில் இருந்த ஈரத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தது.

கடையின் முன்பக்கம் வீட்டு ஆட்கள் வருவது முதலாளிக்குப் பிடிக்காது. அதனால் பின் சந்து வழியாகப் போனாள். பின்னறைக்கும் பக்கத்து வெல்டிங் பட்டறைக்கும் பொதுவாக ஒரு மண்தரை முற்றம். தகரம் வைத்து அடைத்த வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் வரும்போதே அவளுக்குப் பழகிய பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்டது. சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று கூப்பிட வாயெடுத்தாள்.

"யப்பா! என்னய்யா இது?"

அவன் குரல் இல்லை. தகரத்தின் இடைவெளியில் பார்த்தாள். வெல்டர். தீப்பொறி என்று தெருவே கூப்பிடும் ஆள். கறுப்பு முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, கழுத்தில் துண்டோடு, கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய பாட்டில். அடர்ந்த மீசையில் ஒரு புதினா இலை.

எதிரே அவள் கணவன் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "என்னண்ணே?" என்றான்.

"உன் வீட்டம்மாவுக்கு என் மேல என்ன கோபம்? நாக்குல வெல்டிங் வச்ச மாதிரி கசக்குது!"

"ரொம்பவா?"

"நீயே குடிச்சுப் பாரு."

"எனக்கு வேண்டாம்ணே. வெள்ளரிக்காய் வாசனையே ஆகாது. தெரியும்ல."

"எனக்குத் தெரியும்பா. கட்டினவளுக்குத்தான் தெரியாது." தீப்பொறி துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் ஒரு வாய் குடித்தார். "கசந்தாலும் குளுகுளுன்னுதான் இருக்கு, பாவி. சரி, சாயங்காலம் என்ன சொல்லப்போற?"

அவன் யோசித்தான். வேலிக்குப் பின்னால் நின்றிருந்தவளுக்கு அந்த யோசனை நெற்றியில் ஓடுவது தெரிந்தது. அவ்வளவு கவனமாக அவன் எதையாவது யோசித்து அவள் பார்த்ததில்லை.

"கசப்புன்னு சொல்ல முடியாது. வருத்தப்படுவா. வேற ஏதாவது சொல்லிக் குடுங்க."

"நான் என்ன உனக்கு வாத்தியாரா? தினம் ஒரு பாடம்!"

"இஞ்சி தூக்கல்னு சொல்லிடவா?"

"அதான் முந்தாநாள் சொல்லியாச்சே. உப்பு சொல்லு. ஒரு கல்லு கம்மின்னு சொல்லு. ஒரேயடியா நல்லா இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு குறை இருக்கணும்."

"ஒரு கல்லு கம்மி" என்று அவன் மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அவள் திரும்பி நடந்தாள். பாட்டில் கையில்தான் இருந்தது. வீடு வந்தபோது சுற்றியிருந்த துணி காய்ந்து போயிருந்தது.

அன்று மாலை அவள் எதுவும் கேட்கவில்லை. அவன் கைகால் கழுவினான், முகம் துடைத்தான், துண்டைக் கொடியில் போட்டான். பிறகும் அங்கேயே நின்றான். கேள்வி வராது என்று தெரிந்ததும் தானாகவே சொன்னான்.

"இன்னிக்கு... உப்பு ஒரு கல்லு கம்மி."

"அப்படியா" என்றாள்.

"மத்தபடி நல்லா இருந்துச்சு."

"கசக்கலையே?"

அவன் கண் ஒரு கணம் அவள் முகத்தில் நின்றது. "இல்லையே."

அவள் திட்டியிருக்கலாம். தட்டை விசிறியிருக்கலாம். வெள்ளரிக்காய் பிடிக்காது என்பது ஒரு குற்றமா? பொய்யும் பெரிய பொய்யல்ல. அவள் மனம் நோகக் கூடாது என்று சொன்னதுதான். அவளால் தாங்க முடியாதது வேறு. இத்தனை கோடைகளாக அந்தச் சாற்றை இரண்டு பேர் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் தப்பு நடந்திருக்கிறது. புதினாவைத் தட்டிப் போடச் சொன்னது, இஞ்சியைத் தெளியவைக்கச் சொன்னது, மீசை, எல்லாம் டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர். அவள் வாழ்ந்துகொண்டிருந்தது ஒருவனோடு, பேசிக்கொண்டிருந்தது இன்னொருவரோடு.

அப்படியானால் மழை?

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. கை நின்றுவிட்டது. உப்பும் புளிப்பும் போகட்டும். அந்த ஒரு வாக்கியம் யாருடையது? அதுவும் சொல்லிக்கொடுத்ததுதானா? வாசல்வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து, செருப்பைக் கழற்றும்போது ஒப்பித்தானா?

அவனிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்ட பிறகு தெரியாமல் இருக்க முடியாது.

மறுநாள் அவள் சாறு செய்யவில்லை. "காய் கிடைக்கல" என்றாள். அதற்கடுத்த நாளும் கிடைக்கவில்லை. சந்தையில் வெள்ளரிக்காய் மலைபோலக் குவிந்து கிடந்தது அவனுக்கும் தெரிந்திருக்கும். அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறான். மாலையில் வந்து உட்கார்ந்தான். மின்விசிறி சுற்றியது. சொல்வதற்கு ஒன்றுமில்லாத மனிதன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"வெயில் ஜாஸ்தி" என்றான் ஒரு நாள்.

"ஆமா."

நெடுநேரம் கழித்து, "நாளைக்காவது கிடைக்குமா?" என்றான்.

தீப்பொறிக்காகக் கேட்கிறானா, தனக்காகக் கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போவது கடைசிவரை கேட்டது.

வாரத்தில் ஒரு நாள் அவன் லென்ஸ் வாங்க மொத்தக் கடைக்குப் போவான். அந்த நாள் பார்த்து, மருத்துவமனையிலிருந்து வந்ததும் சாறு செய்தாள். நிதானமாக, ஒன்றையும் விடாமல். பாட்டிலை எடுத்துக்கொண்டு பின் சந்து வழியாக முற்றத்துக்குப் போனாள்.

தீப்பொறி ஒரு ஜன்னல் கம்பியை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் அணையும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். முகமூடியை ஏற்றியவர் முதலில் பாட்டிலைத்தான் பார்த்தார். பிறகு அவளை. பிறகு மறுபடி பாட்டிலை. எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க தங்கச்சி. தம்பி லென்ஸ் வாங்கப் போயிருக்கான்."

"தெரியும். உங்களைத்தான் பார்க்க வந்தேன்."

"எல்லாம் தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

அவர் கையுறையைக் கழற்றினார். வெப்பத்தில் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "சத்தியமா நான் பிடுங்கிக் குடிக்கலம்மா. முதல் நாள் அவன் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு, தூக்குல தொங்கப் போறவன் மாதிரி நின்னான். என்னடான்னு கேட்டேன். குடுத்தான். அன்னையிலிருந்து நாக்கு கெட்டுப்போச்சு எனக்கு. இந்த வாரம் வெறும் தண்ணி குடிச்சு உயிர் போகுது."

"முதல்ல குடிங்க."

அவர் வாங்கிக் குடித்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது, கண் மூடியது, காதோரம் வேர்வை வழிந்து துண்டில் இறங்கியது. தான் செய்ததை ஒருவர் குடிப்பதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் பாட்டில் போகும், காலியாக வரும். நடுவில் நடப்பதைத் தானாகவே வரைந்துகொண்டிருந்தாள். வரைந்த முகம் வேறு.

"நல்லா இருக்கு" என்றார் கூச்சத்தோடு.

"அவ்வளவுதானா? என்னைப் பார்த்ததும் நாக்கு மரத்துப்போச்சா?"

அவர் சிரித்துவிட்டார். "சொல்லணுமா? எலுமிச்சை விதை ஒண்ணு நசுங்கியிருக்கு. அடித்தொண்டையில லேசாக் கசப்பு. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிழியும்போது ஒரு விதை நசுங்கியது நிஜம். இந்த மனிதர் மேல் கோபப்பட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வந்த காரியத்தைக் கேட்கும் முன் முற்றத்து மண்ணைப் பார்த்தாள். இரும்புத் துகள்கள் வெயிலில் மினுங்கின.

"ஒண்ணு கேக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க. போன கோடையில ஒரு நாள் அவர், மழை பெஞ்ச மாதிரி வாசனைன்னு சொன்னார். அது நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"மழையா?"

"மழை."

தீப்பொறி மீசையைத் தடவினார். "நம்மகிட்ட உப்பு, புளிப்பு, காரம், இதுதாம்மா சரக்கு. மழை, மேகமெல்லாம் வராது. எப்ப சொன்னான்?"

"சூறைக்காத்து அடிச்சு சந்தைக் கூரை பறந்துச்சே, அதுக்கு முந்தின வாரம்."

"அப்ப நான் இங்க இல்லவே இல்ல! தோள்பட்டை இறங்கி, கையில கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுல கிடந்தேன். பட்டறை பூட்டிக் கிடந்துச்சு." அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அது அவனோட சொந்தச் சரக்குதான். பாருங்களேன், பூனை மாதிரி இருந்துக்கிட்டு!"

வீடு திரும்பும்போது வெயில் உறைக்கவில்லை. அவன் குடித்திருக்கிறான். இரவல் வாங்க ஆள் இல்லாத ஒரு நாளில், வாசனையே ஆகாத ஒன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடித்திருக்கிறான். குடித்து, அதில் மழையைக் கண்டிருக்கிறான். ஒரு வாக்கியம் போதும். ஒரு விதை முளைத்தால் நிலம் சாகவில்லை என்று அர்த்தம். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இருவரும் சிரித்துவிடலாம் என்று நினைத்தாள்.

மாலையில் அவன் வந்தபோது அவள் அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்து அரிசியைப் போட்டிருந்தாள். அவன் கை கழுவி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னிக்குத் தீப்பொறி அண்ணனைப் பார்த்தேன்" என்றாள்.

துண்டோடு நின்ற கை அப்படியே நின்றது. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுவதை அவன் துடைக்கவில்லை.

"சாறு கொண்டுபோய்க் குடுத்தேன். எலுமிச்சை விதை நசுங்கியிருக்குன்னு சொன்னார். நேராவே கேட்டுக்கிட்டேன். நடுவுல தபால்காரர் வேண்டாம்னு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவர்கள் இருவருக்கும் பழக்கமான மௌனம்தான். ஆனால் அன்று அதில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள்.

"முதல் நாள் நீ எப்படி இருந்துச்சுன்னு கேட்ட" என்றான் கடைசியில். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அண்ணன் மதியம் சொன்னதையே சொன்னேன். உன் முகம் ஒரு மாதிரி ஆச்சு. அதுக்கு முன்னாடி நான் என்ன சொன்னாலும் நீ அவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்ல. அப்புறம் நிறுத்த முடியல."

"மீசையில ஒட்டுதுன்னு சொன்னீங்களே, உங்களுக்கு மீசை இருக்கான்னு ஒரு தடவை தடவிப் பார்த்திருக்கக் கூடாதா?"

"சொன்னதுக்கப்புறம்தான் தோணுச்சு. வேர்த்துப்போச்சு. நீ சிரிச்ச. பிழைச்சேன்."

"பேசாம அவரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நான்."

"அவருக்குக் கல்யாணமாயிடுச்சு" என்றான் அவன் தீவிரமாக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு, பாதுகாத்து வைத்திருந்ததை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஆனா அந்த மழை உங்களோடதுதானே? அவர் அன்னைக்கு இல்ல. நீங்களே குடிச்சீங்க. அது போதும் எனக்கு."

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவளும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டாள். அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள்.

"குடிக்கல" என்றான்.

"என்ன?"

"மூடியைத் திறந்தேன். வாய்கிட்டக் கொண்டுபோனேன். முடியல. அண்ணனும் இல்ல. பாட்டிலைக் காலி பண்ணியாகணும். முற்றத்துல ஊத்திட்டேன்." அவன் நிமிர்ந்தான். "மண்ணு சுட்டுக் கிடந்துச்சு. ஊத்தினதும் சுர்ருன்னு இழுத்துக்கிச்சு. அப்ப வந்துச்சு அந்த வாசனை. மழை பெஞ்ச மாதிரி. நான் அங்கேயே நின்னேன். முதலாளி கூப்பிட்டது கூடக் காதுல விழல. உன்கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு. வேற எதையும் அப்படிச் சொல்லணும்னு இருந்ததில்ல."

அவள் கையில் கிடைத்த ஈரத்துணியை அவன் மேல் எறிந்தாள். அது அவன் மார்பில் பட்டு மடியில் விழுந்தது. அவன் அதை மடித்து வைத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"நான் விடிய எழுந்து பிழிஞ்சதை மண்ணுல ஊத்திட்டு, அதை வந்து என்கிட்டயே..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சட்டை, ஒரு போர்வை, மறுபடி ஒரு சட்டை. அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்கவில்லை.

அவன் சொன்னது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. இப்போது அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் அவளே எடுத்து வைத்திருந்தாள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவன் எடுக்கவில்லை.

"சரி" என்றாள், திரும்பாமலே. "வெள்ளரிக்காய் பிடிக்காது. அப்ப என்னதான் பிடிக்கும் உங்களுக்கு?"

"தெரியல. பிடிக்காததுதான் தெரியும்."

"அதையாவது சொல்லுங்க."

"கோபப்படக் கூடாது."

"ஏற்கெனவே பட்டாச்சு. சொல்லுங்க."

"அந்த நீலத் தலையணை. கழுத்து வலிக்குது."

"எத்தனை நாளா?"

"வாங்கினதிலேருந்து. அப்புறம் உங்க மாமா வீடு. போனா டிவியை விட்டுக் கண்ணை எடுக்கறதில்ல, ஆனா கிளம்பினா மட்டும் இருங்க இருங்கன்னு கையைப் பிடிச்சு இழுப்பார்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றையும் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னான். "அப்புறம்... நீ என்கிட்டப் பேசற குரல்."

அவள் திரும்பினாள். "என் குரலா?"

"சில நேரம் ஆஸ்பத்திரி போன்ல பேசறவங்க மாதிரி பேசுவ. சொல்லுங்க, என்ன வேணும், கொஞ்சம் இருங்கன்னு. நான் வரிசையில நிக்கற மாதிரி இருக்கும். அந்த நேரத்துல என்ன கேக்க வந்தேங்கறதே மறந்துபோகும்."

அவள் மறுத்துச் சொல்ல வாய் திறந்தாள். மனதில் தயாராக வந்து நின்ற முதல் வார்த்தை 'சொல்லுங்க' என்பதாகவே இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். தரையில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். அவனும் இத்தனை நாள் இதையெல்லாம் எங்கோ சேர்த்து வைத்துக்கொண்டு, தலை திருப்பாமல் அந்த நீலத் தலையணையில் படுத்திருந்திருக்கிறான்.

"இன்னும் இருக்கா?" என்றாள். இந்த முறை குரல் எப்படி வந்தது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"நிறைய இருக்கு" என்றான் அவன், சற்று ஆச்சரியத்தோடு. நாற்காலியிலிருந்து இறங்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். "கடையில முதலாளி இருக்காரே, அவர் சிரிக்கற சிரிப்பு..." என்று தொடங்கியவன் பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"ஏதோ அடிபிடிக்குது."

"பிடிக்கட்டும்" என்றாள் அவள், எழுந்திருக்காமல். "முதலாளிக்கு என்ன?"